வரிசையில் ஒரு முன்னாள் அமைச்சர்

கனடாவின் ஸ்காபரோவில் ஓர் ஆஸ்பத்திரி. காலையிலிருந்து அவசரப் பிரிவில், இடுப்பு நோவோடு வந்த என் அன்ரிக்குத் துணையாகக் காத்திருந்தேன். எழுந்து போனால் முறை தவறிவிடும். பக்கத்தில் மனைவியோடு ஒரு போர்த்துக்கீசர், நரைத்த தாடியை ஒட்ட வெட்டியிருந்தார். இங்கே குடியிருக்கும் மகளைப் பார்க்க வந்த இடத்தில் மனைவிக்கு வயிற்றுவலி. உள்கதவு திறக்கும்போதெல்லாம் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழும்பி நிற்பார். வேறு யாரையாவது கூப்பிடுவார்கள். மறுபடி உட்காருவார்.

பேச்சுக் கொடுத்தேன். ஒருகாலத்தில் தன் நாட்டின் சுகாதார அமைச்சராக இருந்தாராம். அதைச் சொன்னதும் அன்ரி நோவோடு நிமிர்ந்தார்.

"உவர் மந்திரியா இருக்கேக்க அங்கையும் சனம் இப்பிடிக் காத்துக் கிடந்ததோ? கேள் பாப்பம்."

ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் மனைவியின் கையைத் தடவியபடி சொன்னார்:

"கிடந்திருப்பார்கள். நான் பார்வையிடப் போகும் நாளில் எல்லோரையும் முன்கூட்டியே உள்ளே அனுப்பிவிடுவார்கள். நான் கண்டதெல்லாம் வெறும் நாற்காலிகள்தான்."

அதை அன்ரிக்குத் தமிழில் சொன்னேன். "சொல்லாமல் ஒருநாள் போயிருக்கலாமே?" என்றார் அன்ரி.

அதையும் மொழிபெயர்த்தேன். "போயிருக்கலாம்," என்றார்.

அப்போது அன்ரியைக் கூப்பிட்டார்கள். இன்னும் காத்திருந்த அந்த இருவரையும் விட்டு எழும்பவே எனக்குக் கூச்சமாக இருந்தது. 'போயிருக்கலாம்' என்றதில் அவர் தன் பிழையை ஒப்புக்கொண்டாரா, சாட்டுச் சொல்லித் தப்பினாரா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.