எந்த நடை என் நடை

ரசம் சாதத்தை உருட்டி எடுத்தேன். வாய்க்கு வரவில்லை. விரல் இடுக்குகளில் வழிந்து தட்டிலேயே விழுந்தது. மறுபடி உருட்டினேன், மறுபடி வழிந்தது. எதிரே உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி செல்வி சிரித்தாள்.

"என்னங்க, சோத்துக்கு முன்னாடியுமா தாத்தா வேசம்? இங்க டிக்கெட்டு வாங்குன ஆளு யாரும் இல்ல. சாப்புடுங்க."

நானும் சிரித்தேன். கையை இன்னும் கொஞ்சம் கூடுதலாக நடுக்கிக் காட்டினேன். அவளுக்குப் புரையேறும் வரை காட்டினேன். அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் ஒரு நோய் நுழைந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கைதட்டி அதை உள்ளே அழைத்தோம்.

நான் இருபத்தாறு வருடங்கள் ஷோ குஸ்தி ஆடியவன். பொருட்காட்சிகளிலும் திருவிழாத் திடல்களிலும் பலகை அடித்து, மேலே மெல்லிய மெத்தை விரித்து, நான்கு பக்கமும் கயிறு கட்டிக் கோதா அமைத்து, யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு மோதுகிற தொழில். "எல்லாம் பொய்தானே" என்று கேட்காத ஆள் இல்லை. வெற்றி தோல்விதான் பொய். ஒருவனைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தால் அவன் முதுகில்தான் விழ வேண்டும். பலகைக்கு நடிப்பு தெரியாது.

அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு வயற்காட்டு ஊர் எனக்கு. இருபத்திரண்டு வயதில், கடலோரத்துக் கட்டுமாவடிக்காரன் என்று சொல்லி, என்னைக் 'கட்டுமாவடிப் புயல்' ஆக்கினார்கள். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. நீல ஜட்டி, நெற்றியில் சிவப்புத் துணி, ஊருக்கு ஊர் விசில். முப்பதைத் தாண்டியதும் முன்முடி கொட்டியது. நல்லவனுக்குத் தலைமுடி வேண்டும் என்றார் எங்கள் குழுவை நடத்திய மாஸ்டர். மொட்டையடித்துக் கரி பூசி 'எமகண்டன்' ஆனேன். திருவரங்குளம் பக்கம் ஒரு திருவிழாவில் ஒரு பெரியம்மா கயிற்றுக்குள் கையை விட்டு என் கெண்டைக்காலைக் கிள்ளினார். "நீ நல்லாவே இருக்க மாட்டடா" என்று மண்ணை வாரித் தூற்றினார். அதைப் பாராட்டு என்று வாங்கிக்கொண்டேன்.

பிறகு 'துபாய் துரை'. வெள்ளைக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, கையில் சூட்கேஸ். விழுந்து கிடப்பவன் மூக்கில் சென்ட் அடிப்பேன். மைக்கைப் பிடித்து அடுக்கடுக்காகப் பேசி ஊரையே ஏளனம் செய்வேன். வார்த்தைகளை இப்படித் தாளத்தில் வைக்கிற பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. பாதி வீடுகளில் ஓர் ஆள் வளைகுடாவில் இருக்கிற அறந்தாங்கியில் கிடைத்த வசவு வேறெங்கும் கிடைத்ததில்லை. "டேய், எங்க மச்சான் அங்கிட்டு வெயில்ல கம்பி கட்டுறாரு, ஒனக்கு மட்டும் எப்புட்றா கோட்டு?" என்று ஒருவர் கத்தினார். திடலே சிரித்தது. நான் பாஸ்போர்ட்டே எடுத்தவனில்லை.

நாற்பத்தைந்தில் முட்டி தேய்ந்தது. இனிமேல் ஜெயிக்கிற உடம்பு இல்லை என்று மாஸ்டர் முடிவு செய்தார். பஞ்சு மீசை, கோணல் கண்ணாடி, தொளதொள வேட்டி. 'தள்ளாட்டத் தாத்தா'. சின்னப் பையன்களிடமெல்லாம் அடி வாங்கி, தடுமாறி, கயிற்றில் சிக்கி, தோற்க வேண்டும். நான் போட்ட வேசங்களிலேயே ஊர் ஊராகக் கொண்டாடியது இதைத்தான். ஒரு மனிதன் நிற்க முடியாமல் தவிப்பதைப் போல சனங்களைச் சிரிக்க வைப்பது வேறொன்றும் இல்லை. இதைக் கசப்போடுதான் எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆட வந்த ஊரை விட்டு வெளியேறும் வரை வேசம் கலையக் கூடாது. நல்லவனும் கெட்டவனும் ஒரே கடையில் டீ குடிக்கக் கூடாது. எமகண்டனாக இருந்த காலத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்காமல் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தாத்தாவான பிறகு, முகாம் போட்ட ஊரில் பத்து நாளும் கூனிக் குறுகித் தள்ளாடியே நடந்தேன். டீக்கடைக்கு, கக்கூஸுக்கு, கோயிலுக்கு. இந்தக் கட்டுப்பாடுதான் என் காலை வாங்கியது.

சோறு வழிந்த பிறகு சட்டைப் பொத்தான் போனது. விரல் நுனிகளில் மெழுகு பூசியது போல ஒரு மரமரப்பு. நடக்கும்போது தரை பஞ்சாக அமுங்கியது. வலது கால் சொன்ன இடத்தில் விழாமல் ஒரு சாண் தள்ளி விழுந்தது. நான் என்ன செய்தேன்? அதையும் கோதாவில் சேர்த்துக்கொண்டேன். கைதட்டல் கூடியது. மாஸ்டர் என் தோளைத் தட்டினார்.

"அண்ணே, அந்தப் புதுத் தடுமாற்றம் இருக்கு பாருங்க, தூக்குது! அப்புடியே புடிச்சு வச்சுக்கங்க, விட்றாதீங்க."

விடவில்லை. அதுவும் என்னை விடவில்லை.

ஒரு பொருட்காட்சியில் என்னைத் தூக்கிப் போட்டவன் கை வழுக்கிவிட்டது. தலை முதலில் இறங்கியது. பின்கழுத்திலிருந்து கால் கட்டைவிரல் வரை கரண்ட் அடித்தது. இரண்டு கைகளும் கொஞ்ச நேரம் எங்கே போயின என்றே தெரியவில்லை. புழுவைப் போல நெளிந்தேன். திடல் எழுந்து நின்று "ஒன்ஸ்மோர்" என்று கத்தியது.

கைகள் திரும்பி வந்தன. நடந்தே அருகிலிருந்த ஒரு சின்னத் தனியார் மருத்துவமனைக்குப் போனேன். பின்னாலேயே ஒரு கூட்டம், செல்போன்களோடு. கட்டுப்பாடு என்றேனே, தள்ளாடித்தான் போனேன். எது தானாக வந்த தள்ளாட்டம், எது நான் போட்ட தள்ளாட்டம் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பணியில் இருந்த இளம் மருத்துவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"தாத்தா! வீடியோ எல்லாம் பாத்திருக்கேன். எங்க வலிக்குது?"

வாசலில் முப்பது பேர் காத்திருந்தார்கள். "எங்க வலிக்கலைன்னு கேளு பேராண்டி" என்றேன். சிரிப்பு வெடித்தது. மருத்துவரும் சிரித்தார். ஓர் ஊசி, வலிக்கு ஐந்து நாள் மாத்திரை. என் கழுத்தை அவர் தொட்டுப் பார்க்கவில்லை. தோளில் கை போட்டார், படம் எடுத்துக்கொள்வதற்காக.

என் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை நான் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நான் வேசக்காரன். அவர் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பும் வேசமா? நோயாளி சிரித்தால் நோய் இல்லை என்று எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்? கையை மூடித் திறக்கச் சொல்லியிருக்கலாம். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்த்திருக்கலாம். மாத்திரைச் சீட்டு எழுதும் நேரத்தில் பாதி போதும்.

ஐந்து மாதங்கள் போயின. நோயைக் கண்டுபிடித்தவள் செல்விதான். நான் ஊருக்கு வந்திருந்த ஒரு காலையில், கொல்லையில் துணி காயப்போடப் போனேன். அவள் அடுப்படி ஜன்னலில் நின்றிருந்தது எனக்குத் தெரியாது. ஈரத் துண்டோடு இரண்டு எட்டு வைத்து, ஒன்றுமே தடுக்காமல் விழுந்தேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன். ஓடி வந்தவள் என்னைத் தூக்கவில்லை. எதிரே குத்தவைத்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள்.

"யாரும் பாக்காதப்பயும் தள்ளாடுறீங்களே. யாருக்குங்க இந்த வேசம்?"

அவளுக்கு அழுகை வந்தது.

தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போனோம். ஐம்பது வயதிருக்கும் அம்மா, அதிகம் சிரிக்காதவர். குதிகாலும் விரலும் ஒட்டுகிற மாதிரி நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நடந்தேன்.

"நடிக்காம நடங்க."

மறுபடி நடந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எது என் நடைன்னு தெரியலீங்கம்மா" என்றேன். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. புயலின் நடை நெஞ்சை நிமிர்த்தியது, எமகண்டனுடையது தரையை மிதித்தது, துரையுடையது இடுப்பை ஆட்டியது. இவர்களையெல்லாம் கழித்துவிட்டால் என் அம்மாவின் பிள்ளை எப்படி நடப்பான்? யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

"டாக்டர், இவரு தொழிலே நடிக்கிறதுதாங்க. அதான் எங்களுக்கே தெரியாமப் போச்சு" என்றாள் செல்வி.

மருத்துவர் என் வலது கையைத் தளர்வாக ஏந்தி, நடுவிரல் நகத்தைச் சட்டென்று சுண்டினார். என் கட்டைவிரல் உள்பக்கமாகத் துள்ளியது.

"இத நீங்க பண்ணுனீங்களா?"

"இல்லங்க."

"சரி, ஒங்கள நான் நம்புறேன். உக்காருங்க."

அந்த 'நம்புறேன்' என்கிற சொல்லுக்குத்தான் அன்றைக்கு அழுதேன். கட்டைவிரலுக்காக இல்லை.

எம்.ஆர்.ஐ. (காந்த அலைகளால் உடம்பின் உட்பகுதியைப் படமெடுப்பது) எடுத்தார்கள். செர்விகல் மைலோபதி (கழுத்துக்குள் இருக்கும் தண்டுவடம் நெரிபட்டு, கை கால்களுக்குப் போகிற கட்டளைகள் பாதி வழியிலேயே நின்றுபோவது) என்றார் மருத்துவர். எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்குகள் மூன்று இடத்தில் பிதுங்கியிருந்தன. படத்தில் என் தண்டுவடம், யாரோ விரல்களால் நசுக்கிப் பிடித்த வெண்டைக்காய்க் காம்பு மாதிரி இருந்தது.

"ஆபரேஷன் பண்ணா பழையபடி நடந்துருவாரா?" என்று செல்வி கேட்டாள்.

"இதுக்கு மேல கெடாமத் தடுக்கத்தான் ஆபரேஷன். போனதுல கொஞ்சம் திரும்பும். எவ்வளவுன்னு இப்பச் சொல்ல முடியாதுங்க. பண்ணலைன்னா, எழுந்து நடக்குறதே கஷ்டமாயிரும்."

"அஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா?" என்றேன் நான்.

"அதக் கேக்காதீங்க. கேட்டா நான் உண்மையச் சொல்ல வேண்டியிருக்கும்."

கழுத்தின் முன்பக்கம் திறந்து, நெரித்துக்கொண்டிருந்ததை எடுத்து, உலோகத் தகடு வைத்துத் திருகினார்கள். கண் விழித்தபோது தொண்டையில் மணலை அள்ளிப் போட்டது போல இருந்தது. சிறுநீருக்குக் குழாய், கழுத்தில் பட்டை, பக்கத்துக் கட்டிலில் முனகல். முதலில் நான் தேடியது என் கால்களைத்தான். போர்வைக்கு அடியில் வலது கட்டைவிரலை அசைத்தேன். போர்வை அசைந்ததா, நான்தான் அப்படி நினைத்தேனா? செல்வியிடம் கேட்டேன். அவள் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "அசையுது. இந்தா, இன்னொருக்கா ஆட்டுங்க" என்றாள். ஆட்டினேன். ஒன்ஸ்மோர் கேட்டதற்கு நான் நிஜமாகவே மகிழ்ந்தது அந்த ஒரு முறைதான்.

பிசியோதெரபி (பயிற்சிகளால் தசைகளுக்கு மறுபடி வேலை பழக்கும் சிகிச்சை) மாதக்கணக்கில் நடந்தது. தட்டில் கொட்டிய பச்சைப்பயறை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட வேண்டும். நூறு கிலோவைத் தலைக்கு மேல் தூக்கிய கை, ஒரு பயறுக்கு வியர்த்தது. கோதாவில் என்னோடு இருந்தவர்களில் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். மாஸ்டர் வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு அனுப்பினார். அடுத்த வாரமே வேறொருவனுக்குப் பஞ்சு மீசை ஒட்டியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

வாக்கரைப் பிடித்து முற்றம் வரை வரத் தொடங்கியிருந்தபோது பக்கத்து ஊர் விழாக் குழுவினர் நான்கு பேர் வந்தார்கள். கையில் ஆப்பிள் பை. என்னைக் கௌரவிக்க வேண்டுமாம். சந்தோசமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவர்களில் ஒருவர் முடிக்கும் வரை.

"குஸ்தியெல்லாம் வேணாம்ணே. அந்த மீசைய வச்சுக்கிட்டு மேடையில ரெண்டு நடை நடந்தாப் போதும். இப்ப இன்னும் இயற்கையா இருக்குமுல்ல."

டீத் தட்டோடு வந்த செல்வி அப்படியே நின்றாள்.

"இயற்கையாவா? ஐசியூல குழாயோட கெடந்தாரே, அப்ப வந்திருக்க வேண்டியதுதான, அது இன்னும் இயற்கையா இருந்திருக்கும். எந்திரிங்க. டீ எனக்கும் அவருக்கும் போட்டது."

போனார்கள். ஆப்பிளை மட்டும் மறந்துவிட்டுப் போனார்கள். அவள் அதையும் தெருவரைக்கும் கொண்டுபோய்க் கையில் திணித்துவிட்டு வந்தாள்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது பொத்தான் போட வரவில்லையா? எழுத்து கோணுகிறதா? தரை பஞ்சாகத் தெரிகிறதா? வயசு, அசதி, சோம்பல் என்று நீங்களே ஒரு வேசம் மாட்டிக்கொள்ளாதீர்கள். மருத்துவமனைக்குள் போகும்போது சிரிக்க வைக்காதீர்கள். மருத்துவர் சிரித்தால் எழுந்து அடுத்த மருத்துவரிடம் போங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் விழுந்தால், அவர் எப்பேர்ப்பட்ட கோமாளியாக இருந்தாலும், முதலில் கழுத்தைப் பாருங்கள்.

எனக்குப் போனதில் எவ்வளவு திரும்பியது? சோறு வாய்க்கு வருகிறது. மேல் பொத்தானைத் தவிர மற்றவை போட்டுக்கொள்கிறேன். இடது கால் முக்கால்வாசி என்னுடையது. வலது காலை ஒவ்வொரு எட்டுக்கும் கூப்பிட வேண்டியிருக்கிறது. கைத்தடி உண்டு. இதற்கு மேல் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

போன மாதம் பரிசோதனைக்காகத் தஞ்சாவூர் போக அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தோம். செல்வி முன்னால் ஏறி இடம் பிடித்துவிட்டாள். நான் நடைமேடையைக் கடந்து வந்துகொண்டிருந்தேன். கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏ, நம்ம தாத்தா! ஷோவெல்லாம் முடிஞ்சிருச்சு தாத்தா, நேரா நடந்து வாங்க, வண்டி எடுக்கணும்."

ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. ஒரு செல்போன் உயர்ந்தது. சிரிப்பு கிளம்பிவிட்டது. உடம்புக்குள் இருபத்தாறு வருடப் பழக்கம் எழுந்து நின்றது. தடியைக் கொஞ்சம் வழுக்கவிட்டால் போதும். கண்ணாடியைக் கோணலாக்கினால் போதும். செல்வி இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அவளை உட்காரச் சொல்லிக் கை காட்டினேன்.

"வேசம் இல்லங்க. கழுத்துல ஆபரேஷன். நான் நடக்குறதே இப்புடித்தான். நிப்பாட்டுங்க, ஏறிக்கிறேன்."

சிரிப்பு அறுந்தது. போன் இறங்கியது. கண்டக்டர் குதித்து இறங்கி என் கையைப் பிடிக்க வந்தார். "புடிக்க வேணாந்தம்பி, நின்னாப் போதும்" என்றேன். நின்றார்.

முன்பெல்லாம் நேரம் வெளியே இருந்தது. மணி அடிப்பார்கள், ஓடுவேன். கை தட்டுவார்கள், விழுவேன். இப்போது அது என் காலுக்குள் இருக்கிறது. மேலிருந்து ஒரு கட்டளை புறப்பட்டு, தகட்டைத் தாண்டி, முதுகு வழியாக இறங்கி, முட்டியில் கொஞ்சம் தயங்கி, பாதத்துக்கு வந்து சேரும் வரை நான் காத்திருக்கிறேன். அதை மீறி யாரும் என்னை அவசரப்படுத்த முடியாது.

கம்பியைப் பிடித்தேன். இடது காலைப் படியில் வைத்தேன். டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். அடிக்கட்டும். வலது கால் இன்னும் அறந்தாங்கித் தரையில்தான் இருந்தது. அதைக் கூப்பிட்டேன்.