துருப்பிடிக்கிற கத்தி

என் மனைவி காய்ச்சலில் இறந்தது ஓர் ஆனி மாதக் கடைசியில். அறுபதுகளின் தொடக்கம் அது. குற்றாலத்தில் சீசன் பிடித்து, தென்காசி வரைக்கும் சாரல் விழுந்துகொண்டிருந்தது. எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை, நாலு வயதில் ஒரு பெண் குழந்தை மட்டும்தான். ஆகவே நானே கொள்ளி வைத்தேன்.

எங்களில் கொள்ளி வைத்தவன் கருமாதி முடிகிற வரைக்கும் கையிலோ மடியிலோ இரும்பு வைத்திருக்க வேண்டும். போன உயிர் பழகின வீட்டையே சுற்றுமாம், கொள்ளி வைத்தவனைத்தான் தேடி வருமாம், இரும்பைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடுமாம். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போதே யாரோ என் கையில் ஒரு கருக்கரிவாளைக் கொடுத்தார்கள். கதிர் அறுக்கிற, பல்லுப் பல்லாய் இருக்கிற அரிவாள். நானும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த நாட்களில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டேன். காப்பி கொடுத்தால் குடித்தேன். சுவாமி கொடுத்தது, சுவாமி எடுத்துக்கொண்டது என்று சொன்னவர்களுக்குத் தலையாட்டினேன். அழுகை வரவில்லை. தீட்டானதால் திருநீறு பூசவில்லை. கண்ணாடியில் அந்த நெற்றியைப் பார்த்தபோது வேறு யாரோ என்றுதான் தோன்றியது.

தாய் போனதிலிருந்து குழந்தை என்னை விட்டு அசையமாட்டாள். மறுநாள் மத்தியானம் என்மேல் சாய்ந்து தூங்கினவள் புரண்டு படுத்தாள். அரிவாளின் கருக்குப் பட்டுக் கெண்டைக்காலில் நீளமாக ஒரு கீறல். வீறிட்டு அழுதாள். என் அக்காள் ஓடிவந்து மஞ்சளை வைத்து அழுத்தினாள்.

“அந்தச் சனியனத் தூரப் போட்டுட்டு மடக்குக் கத்தி ஒண்ணு வாங்கி மடியில வச்சுக்கடா. ஆனா இரும்பு இல்லாம மட்டும் இருந்துராத. தாய்க்காரிக்குப் பிள்ள மேலதான் மொதக் கண்ணு போவும். உன்கிட்டதானே அது படுத்துக் கெடக்கு.”

சரி என்றேன்.

அதற்கு அடுத்த நாள் அஸ்தியைக் கரைக்கக் குற்றாலம் போனோம். என்னுடன் வந்தது என் மனைவியின் தம்பி. புனலூரில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தான். தந்தி கிடைத்து அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்காவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. வந்த நேரத்திலிருந்து வாசல் பக்கமே உட்கார்ந்திருந்தான்.

பஸ்ஸில் கண்டக்டர் என் இடுப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணாச்சி, குத்தாலத்துக்குக் குளிக்கப் போறவுக சோப்புதான் கொண்டுக்கிட்டுப் போவாக. நீங்க அருவாளா?”

மைத்துனன் மடியில் துணி மூடின கலயத்தை அப்புறம்தான் பார்த்தார். “மன்னிச்சுக்கிடுங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார். இறங்குகிற வரை எங்கள் பக்கம் வரவில்லை.

அருவிக்குக் கீழே ஆற்றில் கரைத்துவிட்டு முங்கி எழுந்தோம். தண்ணீர் அப்படிக் குளிருமே, அன்றைக்கு அது கூட உறைக்கவில்லை. தீட்டோடு அருவிக்கரைக் கோயிலுக்குள் போகக் கூடாது. ஈரத்துணியோடு எட்ட நின்று வாசலைப் பார்த்தேன். கும்பிட்டேனா என்பது நினைவில் இல்லை.

சீசன் கடைகள் வரிசையாக இருந்தன. ரிப்பன், வளையல், சொப்பு, கத்தி எல்லாம் ஒரே பலகையில் பரத்தின ஒரு கடையில் போய் நின்றேன். கடைக்காரர் ஒரு பாய், தென்காசிக்காரர்தான்.

“வாங்க அண்ணாச்சி. பழம் வெட்டவா, பாக்கு வெட்டவா?”

“மடக்குனா நுனி வெளிய தெரியக் கூடாது. பிள்ளை பக்கத்துல படுக்கும்.”

“கத்தியக் கட்டிப் பிடிச்சிக்கிட்டா தூங்குதீங்க?” என்று சிரித்துக்கொண்டே மூன்றை எடுத்துப் போட்டார்.

ஒன்று கிளிமூக்குக் கத்தி. அலகு உள்பக்கமாக வளைந்திருந்தது. மடக்கினாலும் மூக்கு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதைத் தள்ளி வைத்தேன். இன்னொன்று வெள்ளைவெளேரென்று முகம் தெரிகிற அலகு, வேல் மாதிரி கூர்நுனி, வழுவழுவென்று பிடி. மூன்றாவது, பழைய லாரியின் வில்லுப்பட்டையைக் காய்ச்சிக் கொல்லன் அடித்தது. மங்கின நிறம், நுனி மொட்டை, மரப்பிடி. அதை மடக்கும்போது கொஞ்சம் பலம் கொடுக்க வேண்டியிருந்தது.

பாய் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். வெள்ளைக் கத்தியால் ஒரு பாதி வெட்டினார், மங்கின கத்தியால் இன்னொரு பாதி. இரண்டு கத்தியையும் துடைக்காமல் பலகையில் வைத்துவிட்டு வேறு ஆளுக்கு வளையல் எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்து துடைத்தபோது வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. மற்றதில் கறுப்பாக ஒரு கறை படிந்திருந்தது.

“இது கறுக்கும், துருப்பிடிக்கும், எண்ணெய் போட்டு வைக்கணும். இந்த வெள்ளை இருக்கே, எவர்சில்வர். தண்ணியில கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது. இதையே கொண்டு போங்க.”

“இது இரும்பா?” என்றேன்.

“எது?”

“இந்த வெள்ளை.”

அவர் பொம்மைச் சாமான்களிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து இரண்டிலும் வைத்தார். இரண்டிலும் ஒட்டியது. “காந்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி” என்றவர், அப்போதுதான் என் இடுப்பு அரிவாளையும் சவரம் செய்யாத முகத்தையும் சேர்த்துப் பார்த்தார்.

“வீட்டுலயா?”

“சம்சாரம்.”

அவர் காந்தத்தைக் கீழே வைத்தார். “எங்கள்ல இந்த வழக்கம் இல்ல. எது சேரும் எது சேராதுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்க பொறுமையாப் பாருங்க” என்று முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் நின்ற மைத்துனன் சொன்னான்: “அத்தான், அந்த வெள்ளையையே எடுங்க.”

“எவர்சில்வரு இரும்புக் கணக்குல சேருமோ சேராதோ.”

“சேராட்டா நல்லதுதான்.”

நான் அவனைப் பார்த்தேன். அவன் கத்தியைப் பார்த்தபடியே பேசினான்.

“அக்கா ஒருக்க வந்து பாத்துட்டுப் போகட்டுமே. நீங்க இரும்பையே காட்டிக்கிட்டு இருந்தா அவ எப்படி வருவா? நான் மொகத்தக் கூடப் பாக்கல அத்தான்.”

“பிள்ளை எங்கிட்டதானே படுத்திருக்கு.”

“அவ பெத்த பிள்ளைய அவ என்ன செஞ்சிருவா?”

அவள் குழந்தையை என்ன செய்துவிடப் போகிறாள்? தலைக்கு எண்ணெய் வைத்துச் சடை போட்டுவிடுவாள். வேறென்ன செய்வாள். ஆனால் கெண்டைக்கால் கீறலும் என் அக்காள் சொன்ன சொல்லும் நினைவில் இருந்தன. இருக்கிற பிள்ளை ஒன்றுதான். அவளும் வரட்டும் என்று ஒரு மனது சொன்னது. இன்னொரு மனது ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் நீட்டியது. கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரித்தான் அந்த மங்கின கத்தியை எடுத்தேன்.

“துருப்பிடிச்சாத்தான் இரும்பு. இது இருக்கட்டும்” என்றேன்.

மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊர் வந்து சேருகிற வரை பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்து வந்தான்.

கருமாதி வரை அது என் மடியிலேயே இருந்தது. குழந்தை என்னை ஒட்டித் தூங்கினாள். கீறல் ஆறியது. போனவள் வரவில்லை. கனவில்கூட வரவில்லை. வராமல் இருக்கத்தானே வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். வேட்டி மடியில் பழுப்பாக ஒரு கறை விழுந்தது. கையை முகர்ந்தால் இரும்பு வாடை அடித்தது. சோறும் அந்த வாடையாகவே இருந்தது.

சிற்றாற்றங்கரையில் காரியம் முடிந்ததும், இனி இரும்பு வேண்டாம் என்றார்கள். தலைமுழுகித் திருநீறு பூசிக்கொண்டேன். அன்றைக்கே மைத்துனன் புனலூருக்குக் கிளம்பினான். பஸ் ஏற்றிவிடப் போனேன். அந்நாளில் மொட்டையாய் நின்ற தென்காசிக் கோயில் கோபுரம் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். பையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினான்.

“அத்தான், அக்கா வந்தாளா?”

“இல்ல.”

நீங்கள்தான் வரவிடவில்லை என்று சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். சொன்னால் கேட்டுக்கொள்வது என்றுதான் இருந்தேன்.

“எங்கிட்ட இரும்பே இல்ல அத்தான். பெட்டிச் சாவியக்கூடத் தூரத்துல வச்சுட்டுத்தான் படுத்தேன். வாசக்கதவு பக்கத்துலதான் படுத்தேன். எங்கிட்டயும் வரல.”

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, “பிள்ளையப் பாத்துக்கிடுங்க” என்றான்.

வீட்டுக்குத் திரும்பினால் குழந்தை ஒரு மாம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வெட்டித் தரச் சொன்னாள். மடியில் கை போனது, பழக்கத்தில் மாற்று வேட்டியிலும் செருகியிருந்த கத்தி அங்கேயேதான் இருந்தது. பலம் கொடுத்து விரித்து, பழத்தைக் கீறி, ஒவ்வொரு துண்டாக அவள் கையில் வைத்தேன். மொட்டை நுனி, பயமில்லை. சாறு பட்ட இடமெல்லாம் பாய் சொன்ன மாதிரியே கறுத்தது.

“அப்பா, கத்தி அழுக்காயிட்டு” என்றாள்.

“தொடச்சுக்கிடலாம்” என்றேன்.