பின்னால் தெரிந்த துணி

வாசலைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு, தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் வேலைக்கு வந்தபோது இந்தப் பயம்தான் எனக்குச் சோறு போட்டது. மற்றவர்கள் ஒருமுறை பார்க்கிற பீஸை நான் இரண்டு முறை பார்ப்பேன்.

பல வருடம் கழித்து, பத்திரிகைக்காரர்களுக்குச் செய்தி கொடுப்பதை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி.

"எனக்கு இங்கிலீஷ் வராதுங்க."

"அவங்களும் தமிழ்லதான் எழுதறாங்க அம்மிணி."

ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றுதான். வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் ஓர் அட்டை தொங்கவிடுவோம். யார் தைத்தது, யார் பார்த்தது எல்லாம் அதில் இருக்கும். பத்திரிகைக்காரர் ஒவ்வொருவருக்கும் அப்படி ஓர் அட்டை போட்டேன். எத்தனை மணிக்குள் செய்தி வேண்டும், எந்தப் படம் எப்போது அனுப்பினேன், எப்போது கூப்பிடக் கூடாது.

வெளிநாட்டு பையர்களோடு பேசி ஆர்டரை நடத்துகிற எங்கள் மெர்ச்சண்டைசர், தூத்துக்குடிக்காரர், அட்டைகளைப் பார்த்துச் சிரிப்பார். "எக்கா, இந்த ரிப்போர்ட்டர் எம் சைஸா, எக்ஸ்எல் சைஸா?"

ஒரு திங்கட்கிழமை, வேலைக்கு வரும் தாய்மார்களின் குழந்தைகளுக்காகக் காப்பகம் திறந்தோம். தையல் மெஷின்களுக்கு நடுவே ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படத்தை ஐந்து பேருக்கு அனுப்பினேன். அனுப்பும் முன் செக்கிங் கண்ணால்தான் பார்த்தேன். சேலையில் கறை இல்லை. குழந்தை சட்டையில் பிசிறு இல்லை. பின்னால் அடுக்கியிருந்த பீஸில்கூடத் தையல் நேராக இருந்தது. பாஸ் செய்துவிட்டேன்.

மூன்றரை மணிக்கு மெர்ச்சண்டைசர் என் மேஜைக்கு வந்தார்.

"பின்னால இருக்கது அடுத்த சீசன் பிரிண்ட்லா. கடைக்கே இன்னும் வரல. பேப்பர்ல வந்துச்சுன்னா பையர் ஆர்டரையே எடுத்துட்டுப் போயிருவான். யாருக்கெல்லாம் அனுப்புனிய?"

தையலைப் பார்த்த நான், அந்தத் துணியே வெளியே தெரியக் கூடாதது என்பதைப் பார்க்கவில்லை. மூன்று தையல் லைன் ஆட்களுக்கு அந்த ஆர்டர்தான் வேலை.

அட்டைகளை எடுத்தேன். முதல் நான்கு பேரிடம் காப்பகத் தொட்டில் படம் தருகிறேன், முன்பு அனுப்பியதைப் போட வேண்டாம் என்றேன். சரி என்றார்கள். ஐந்தாமவர் போனை எடுக்கவில்லை. அவர் அட்டையில் என் கோணல் எழுத்து: ‘திங்கள், கலெக்டர் ஆபீஸில் மனு நாள். போன் பையில் கிடக்கும். போட்டோகிராபரைக் கூப்பிடு.’

கூப்பிட்டேன். போட்டோகிராபர் அவரிடம் கொடுத்தார்.

"படம் எங்க கோயமுத்தூர் ஆபீஸுக்கே போயிருச்சுங்களே. ஏனுங்க, என்னாச்சு?"

மூடி மறைத்தால் அதுவே செய்தியாகிவிடும் என்று பயம். உண்மையைச் சொல்லவும் பயம். "பின்னால தெரியற டிசைன் இன்னும் வெளிய வரக் கூடாதுங்க. பார்க்காம அனுப்பினது என் தப்புங்க."

"எப்பவும் ரெண்டு வாட்டி கூப்பிடுவீங்க. படம் வந்துச்சுங்களா, தெளிவா இருக்குதுங்களான்னு. இன்னைக்குப் படம் அனுப்பிட்டு ஒருக்காத்தான் கூப்பிட்டீங்க. ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்." சிரித்தார். "போன மாசம் நாங்க ஒரு செய்தியத் தப்பாப் போட்டப்ப, சண்டைக்கு வராமப் பக்குவமாச் சொன்னீங்க. மறக்கலீங்க. டெஸ்க்குல சொல்லிப் பாக்கறேன். பக்கம் முடிஞ்சிருந்தா என் கையில இல்லீங்க."

தொட்டில் படத்தை அவருக்கும் அனுப்பினேன். அவருடைய பக்கம் முடியும் நேரம் ஐந்து என்று அட்டையில் இருந்தது. நாலே முக்காலுக்குச் செய்தி வந்தது: ‘மாத்தியாச்சுங்க.’

நம்பவில்லை, என் குணம் அது. மறுநாள் விடியும் முன்பே பஸ் ஸ்டாப் கடையில் நின்று ஐந்து பேப்பரையும் வாங்கிப் பிரித்தேன். ஐந்திலும் தொட்டில் படம். பின்னால் வெறும் சுவர்.

எங்கள் கம்பெனி பனியன் ஒன்றைக் கொடுத்தால்கூட வாங்கிக்கொள்ளாத மனிதர் அந்த ஐந்தாமவர். எங்களுக்கு எதுவும் செய்ய வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. இன்றும் மூன்று லைனும் ஓடுகிற சத்தம் கேட்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன்.

இப்போது எல்லா அட்டைகளிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘பின்னால் என்ன தெரிகிறது?’ அவருடைய அட்டையில் மட்டும் இன்னொரு வரி: ‘இரண்டு வாட்டி கூப்பிடு.’