அத்தைக்கு இரண்டு சேலை போதும்

என் அத்தையிடம் இரண்டே சேலைகள்தான் இருந்தன. ஒன்று உடம்பில் இருக்கும், மற்றது கொடியில் காயும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவளுக்குக் கஞ்சப்பிசினாரி என்று பெயர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அதே அத்தை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, வெந்நீர் காய்கிறவரை விரல் இடுக்குகளில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் பாலை இழை இழையாக உரித்துக்கொண்டிருப்பாள். குளித்து, தலை உலர்த்தி, சுடுசோறு தின்று எழுந்திருக்க மதியம் ஆகிவிடும். துணியில் அத்தனை சிக்கனமும் எண்ணெயில் இத்தனை தாராளமும் ஒரே மனுஷியிடம் எப்படி இருக்க முடியும் என்று பேசாதவர்கள் இல்லை.

எப்போதும் அப்படி இருந்தவளில்லை அவள். நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், எங்கள் தோட்டத்துத் துரை குதிரையை விற்றுவிட்டு மோட்டார் வாங்கிய சமயம். எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. அப்பாவின் அக்காவான அத்தையும் மாமாவும் எங்கள் அடுத்த வீட்டில் இருந்தார்கள். அத்தையும் அம்மாவும் ரப்பர் மரங்களில் பால் வெட்டினார்கள். மாமாவுக்கு மாட்டுவண்டி. ரப்பர் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு ஈப்போ ரயிலடிக்குப் போவார். போனால் மறுநாள்தான் திரும்புவார்.

மாமா அத்தையை அடிப்பார். லயத்து வீடுகளுக்கு நடுவே இருந்தது வெறும் பலகைச் சுவர், அதுவும் கூரை வரை எட்டாது. ஆகவே ஒரு வீட்டில் விழுகிற அடி பத்து வீட்டுக்கும் கேட்கும். அடித்தபின் அடுத்த தடவை ஈப்போவிலிருந்து வரும்போது மாமாவின் கையில் ஒரு சேலை இருக்கும். மற்ற வீடுகளிலும் அடி உண்டு, ஆனால் சேலை கிடையாது. எனவே மாமா நல்லவர் என்று நான் முடிவு செய்திருந்தேன். என் நியாயம் அந்த வயதில் அவ்வளவு தூரம்தான் எட்டியது.

சேலைகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை வெயில் காட்டவேண்டும் என்பது மாமாவின் உத்தரவு. அவர் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். அத்தை ஒவ்வொன்றாக உதறி, உள்பக்கம் வெளியே தெரிய விரித்து, பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து, அந்துருண்டை வைத்து அடுக்குவாள். போகிறவர் வருகிறவரிடம் மாமா, இது எந்தக் கடை, அது எந்த ஊர்ச் சரக்கு என்று பெருமையாகச் சொல்வார். எதற்காக வாங்கினார் என்பதை மட்டும் சொல்லமாட்டார். அத்தை அவற்றை உடுத்தி நான் அதிகம் பார்த்ததில்லை. அவள் தலை சிக்குப் பிடித்துக் கிடக்கும். வாரிக்கொள்ள ஞாயிறு ஒன்றுதான் உண்டு, அதையும் சேலைகள் எடுத்துக்கொண்டன.

அவற்றில் ஒன்று மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. "நீ பெரியவளானா ஒனக்குத்தான்" என்று அத்தை ஒருநாள் விளையாட்டாகச் சொல்லியிருந்தாள். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அடி வழக்கத்தைவிடக் கூடிவிட்டது. அத்தையின் இடது மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. அப்பா நியாயம் கேட்கிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். திரும்பும்போது மாமாவும் அவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டபடி கள்ளுக்கடையிலிருந்து வந்தார்கள். மறுநாள் மாமா வண்டி கட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போய்விட்டார்.

ஞாயிறு காலையில் அத்தை என்னைக் கூப்பிட்டாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. பெட்டி திறந்து கிடந்தது. ஏழு சேலைகளை வெளியே எடுத்து வைத்து, எது எந்த வீட்டுக்கு என்று சொன்னாள்.

"ஏன் குடுக்குதீங்கன்னு கேட்டா என்ன சொல்ல அத்தே?"

"யாரும் கேக்க மாட்டாங்க. நீ குடுத்துட்டு வா."

உண்மையில் யாரும் கேட்கவில்லை. ஒருத்தி, "கை எப்படி இருக்கு?" என்றாள். ஒருத்தி அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, கையைக் கழுவிவிட்டு வாங்கிக்கொண்டாள். இவ்வளவு நல்ல சேலை கிடைத்தும் ஒரு முகத்திலும் சந்தோஷம் இல்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மயில்கழுத்துச் சேலை கடைசி. அது அம்மாவுக்கு என்று அத்தை சொல்லியிருந்தாள். அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். நான் அதை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டதாக அத்தையிடம் போய்ச் சொன்னேன்.

அவள் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். கை வலிக்கிறது, தண்ணீர் மொண்டு ஊற்று என்றாள். பெட்டியில் மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது அவள் அம்மா கொடுத்தது. இன்னொன்று தன் சம்பளத்தில் அவளே வாங்கியது.

"ஒங்களுக்கு இது ரெண்டுதானா அத்தே?"

"போதும் புள்ள. இத்தன வருசமா அந்தத் துணியத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். கொஞ்சம் என்னையும் பாக்கணும்ல."

வெந்நீரை அவள் தோளில் ஊற்றினேன். அவள் முதுகில் நான் பார்த்ததை எழுதப்போவதில்லை. "மெதுவா ஊத்து, அவசரமில்ல" என்றாள். தண்ணீர் தீர்ந்தபிறகும் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை மாமா வந்தார். கையில் காகிதப் பொட்டலம். அத்தை அதை வாங்கிப் பெட்டிமேல் வைத்தாள். பெட்டியை அவர் திறந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விடிவதற்குமுன் அம்மா என்னை எழுப்பினாள். மரத்தில் பால் வடிகிற மங்குக் கிண்ணங்களைத் துடைக்க அவளோடு ரப்பர் காட்டுக்கு நானும் போவதுண்டு. எழுந்து பார்த்தால் அம்மா மயில்கழுத்துச் சேலையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அரிசி எடுக்கப் போனபோது கண்ணில் பட்டிருக்கவேண்டும்.

"இத வேலைக்குக் கட்டாதம்மா" என்று கெஞ்சினேன்.

"வேலைக்குத்தான் கட்டணும்" என்றாள்.

பெரட்டுக் களத்தில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். பொழுது மெல்ல வெளுக்கத் தொடங்கியதும் சேலைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மஞ்சள் கண்டாங்கி, சிவப்புச் சுங்குடி, பூப்போட்டது, கட்டம் போட்டது. ஏழும் அங்கே நின்றன. யாழ்ப்பாணத்துக் கிராணியார் பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, "என்ன, இண்டைக்குத் தீபாவளியோ?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

மாமா களத்தின் ஓரத்தில் மாடு பூட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு வரிசையின் அருகே வந்து அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"தங்கச்சி, இது ஒங்க அண்ணியோட சேலதான?"

"இருந்துச்சுண்ணே. இப்ப என்னுது."

அடுத்தவளைப் பார்த்தார். "இது என்னுதுண்ணே" என்றாள், கேட்பதற்கு முன்பே. அதற்கு அடுத்தவளும் அதையே சொன்னாள். நாலாவது ஆளிடம் அவர் போகவில்லை. அத்தை தன் பழைய சேலையில் வரிசையை விட்டு வெளியே வந்து, பிரிக்காத அந்தப் பொட்டலத்தை வண்டியில் அவர் உட்காரும் இடத்தில் வைத்தாள். "இதக் கடையிலயே குடுத்துருங்க" என்றாள். மாமா அவளைப் பார்க்கவில்லை. மாட்டைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

அன்றோடு மாமா திருந்திவிட்டார் என்று சொல்ல ஆசைதான். சில மாதம் கை நீட்டவில்லை. பிறகு ஒருநாள் நீட்டினார். அத்தை அழவில்லை, கொடியில் கிடந்த சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். புறப்பட அவளுக்கு அதற்குமேல் நேரம் ஆகவில்லை. அந்தத் தகரப் பெட்டி நிறைந்திருந்தால் அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மாமா இரண்டுமுறை கூப்பிட வந்தார். இரண்டாவது முறை, அப்பா முதல்தடவையாகக் கள்ளுக்கடைக்குப் போகாமல் வாசலிலேயே நின்று அவரை அனுப்பிவைத்தார். அப்புறம் மாமா சித்தியவான் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அத்தை கடைசிவரை எங்களோடு இருந்தாள், இரண்டு சேலைகளோடும் ஒரு கிண்ணம் எண்ணெயோடும்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அந்தத் திங்கட்கிழமை முழுவதும் எனக்குச் சேலை நினைப்புத்தான். மங்கு துடைக்கும்போதெல்லாம் அம்மாவின் முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ரப்பர் பால் துணியில் பட்டால் காய்ந்து கறுத்துவிடும், எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. தோட்டத்தில் பிறந்த பிள்ளை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் பெண்கள் கந்தலை உடுத்திக்கொண்டு காட்டுக்கு வருவார்கள்.

பால் சேர்த்து முடிந்ததும் வாளிகளை இறக்கிவைத்து ஏழு பேரும் ஒரு மரத்தடியில் கூடினார்கள். அத்தையும் மெல்ல நடந்து வந்து சேர்ந்தாள். அம்மா கையை முந்தானையில் துடைத்தாள். ஒரு பக்கம் துடைத்து, பிறகு திருப்பி மறுபக்கம். அரக்குக் கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. மற்றவர்களும் தங்கள் தங்கள் முந்தானையை எடுத்துத் துடைத்தார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை. அத்தை ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். கை துடைக்கும் பழந்துணி எப்போதும்போல அவள் இடுப்பில்தான் செருகியிருந்தது. அம்மா அதை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.