மேகமலையில் ஒழுகிய அலுமினியப் படகு

மேகமலைக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று மாதத்துக்கு இரண்டு பேராவது எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். இப்போதைய சாலையைப் பற்றி என்னைவிட உங்கள் கைபேசிக்கு நன்றாகத் தெரியும். நான் முதன்முதலில் அங்கே ஏறியது எண்பதுகளின் முற்பாதியில், ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு படகு ஏன் ஒழுகுகிறது என்று பார்க்கப் போனேன்.

அப்போது மதுரையில் உலோகத் தகடு விற்கும் ஒரு கம்பெனியில் வேலை. எங்களிடம் மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வாங்கி, சின்னமனூரில் ஞானதாஸ் என்ற வெல்டர் பதினாறு அடிப் படகு ஒன்று செய்து கொடுத்திருந்தார். சாம்பார் வாளி செய்கிற அலுமினியம் இல்லை இது. மக்னீசியம் கலந்து, கப்பல் வேலைக்கென்றே செய்கிற ரகம். கடல் தண்ணீரையே தாங்கும் என்று சொல்லித்தான் விற்போம். அந்தப் படகு மலைமேல் நல்ல தண்ணீரில் எட்டாவது மாதமே ஒழுகத் தொடங்கிவிட்டது. தகடு மோசமா, வெல்டிங் மோசமா? தகடு என்றால் என் தலை உருளும், வெல்டிங் என்றால் ஞானதாஸின் தலை. வெல்டிங்காகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கிளம்பினேன், மறைப்பானேன்.

மதுரையில் காலை 5.15க்குப் பேருந்து. தேனி 76 கிலோமீட்டர், ஏழரை ரூபாய், 7.40க்கு இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து சின்னமனூர் 23 கிலோமீட்டர், இரண்டு ரூபாய். வீரபாண்டியில் கூட்டம் ஏறியதில் என் மடியில் ஒரு வாழைத்தார் வந்து உட்கார்ந்துகொண்டது. யாருடையது என்று தெரியவில்லை. சின்னமனூரில் நான் எழுந்ததும் ஒரு கை வந்து அதை எடுத்துக்கொண்டது. நான்கு இட்லியும் ஒரு வடையும் காபியும் இரண்டே கால் ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்கு நடந்தேன்.

ஞானதாஸுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கொச்சியில் படகு கட்டும் இடத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அலுமினியத்தைப் பற்றவைக்க ஆர்கான் வாயு வேண்டும், காற்று அடித்தால் வாயு கலைந்து வேலை கெட்டுவிடும். அதற்காகப் பட்டறை ஜன்னல்களில் ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட்டிருந்தார். இரும்பு தேய்த்த பிரஷ்ஷை அலுமினியத்தின் பக்கமே கொண்டுவர மாட்டார். இதையெல்லாம் பார்த்ததும் என் வேண்டுதல் பலிக்காது என்று தோன்றியது. இவ்வளவு சுத்தக்காரன் செய்த வெல்டிங் ஒழுகாது, அப்படியானால் தகடுதான்.

அவர் வாதாடவே இல்லை. "கொச்சியில ஒழுகல சார். இங்கன ஒழுகுது. வாங்க, பாப்போம்" என்று சொல்லி ஒரு டின் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு வாளி, ஒரு துண்டுத் தகடு, ஒரு டப்பா தார், கையளவு அலுமினிய ஆணிகள் எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றினார்.

ஜீப்புக்கு ஆளுக்குப் பதினைந்து ரூபாய். பத்து மணிக்குக் கிளம்பி நாற்பது கிலோமீட்டர் ஏறி முடிக்க மணி ஒன்றே கால் ஆயிற்று. வழியில் ரேடியேட்டருக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றினோம். டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு விபத்துக் கதை வைத்திருந்தார். கொஞ்சம் முன்னால் பார்த்து ஓட்டினால் தேவலை என்றேன். "மலை எங்க சார் போயிரப் போகுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தபடியே கதையைத் தொடர்ந்தார்.

படகின் கதையை ஞானதாஸ் சொன்னார். மலைமேல் உள்ள அணைத் தண்ணீருக்கு அக்கரையில் சுருளிச்சாமி என்பவருக்கு ஏலத்தோட்டம். படகில் போனால் பத்து நிமிடம், கரையைச் சுற்றி நடந்தால் ஒன்பது கிலோமீட்டர். முன்பு பரிசல் இருந்தது. அது கவிழ்ந்து சுருளிச்சாமியின் மச்சினன் இறந்துபோனார். அதற்குப் பிறகு சுருளிச்சாமியின் மனைவி செல்லத்தாயி தண்ணீரில் கால் வைக்கவில்லை, நான்கு வருடம் அந்த ஒன்பது கிலோமீட்டரையும் நடந்தார். இந்தப் படகு வந்ததும்தான் ஏறினார். ஏழு மாதம் போய் வந்தார். ஒருநாள் பாதித் தண்ணீரில் பாதம் நனைந்தது. அன்றோடு மறுபடியும் நடை. பக்கத்துத் தோட்டக்காரர்கள் இன்னும் மூன்று படகு செய்யச் சொல்லியிருந்தார்கள். இது தெரிந்ததும் அதை நிறுத்திவைத்துவிட்டார்கள். சுருளிச்சாமி முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார், என் வீட்டுக்காரி உயிரோடா விளையாடினீர்கள் என்று. அதைச் சொல்லும்போது ஞானதாஸ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகைக் கரையில் ஏற்றிக் கல்மேல் வைத்திருந்தார்கள். நூற்று எழுபது கிலோ, ஆறு பேர் தூக்கிவிடலாம். இந்த மலைக்கு அலுமினியம் எதற்கு என்றால் இதற்குத்தான். சுருளிச்சாமி எங்களுக்கு டீ கொடுத்தார், என்னிடம் மட்டும் பேசினார். பிறகு ஆட்களைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. படகின் வெளிப்புறம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துக் காயவிட வேண்டும். உள்ளே மண்ணெண்ணெயைத் தடவ வேண்டும். மயிரிழை ஓட்டையாக இருந்தாலும் வெள்ளையில் ஈரக்கறை தெரிந்துவிடும். இரண்டரை மணிக்குத் தடவி, மூன்றேகாலுக்கு இருவரும் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்தோம். வெல்டிங் போன வழியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. பின் இருக்கைக்குக் கீழே, தகட்டின் நட்டநடுவில், ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் பதினோரு கறைகள் இருந்தன. தகடுதான், உருளப் போவது என் தலைதான் என்று நினைத்தேன்.

ஞானதாஸ் எழுந்துபோய் இருக்கையின் கீழ்ப்பலகையைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன். ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சு, பாதி பச்சை பூத்து, சொதசொதவென்று கிடந்தது. அதைத் தூக்கினால் அடியில் தகடு வெள்ளையாகப் பொரிந்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் குழி குழியாகத் தெரிந்தது.

முடிச்சுக்குள் ஒரு செப்புக்காசு இருந்தது. செல்லத்தாயியின் பிறந்த வீட்டு விளக்குத்தட்டில் இருந்த காசு என்றார் ஞானதாஸ். வாசல்நிலைக்கு அடியில் வைப்பதுபோல் படகிலும் வைக்க வேண்டும், வைத்தால்தான் ஏறுவேன் என்று அவர் கொடுத்தனுப்பியது. ஞானதாஸ் தேவாலயம் போகிறவர். ஆனாலும் அடுத்தவர் முறையை அரைகுறையாகச் செய்யக் கூடாது என்று தச்சரிடம் விசாரித்து, மஞ்சள் துணியில் ஒரு கை கல் உப்பும் சேர்த்து முடிந்து, படகு ஆடினாலும் நகராதபடி பலகைக்கு அடியில் இறுக்கி வைத்துவிட்டார். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதை எங்கள் கம்பெனித் தாளில் அச்சடித்தே கொடுத்திருந்தோம், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

"பித்தளை ஆணி அடிக்கக் கூடாதுன்னு கொச்சியில சொல்லிக் குடுத்தாக சார். சாமிக் காச யாரு ஆணியா நெனைப்பா?" என்றார். பலகையைக் கீழே வைத்துவிட்டு, "வெல்டிங்ல போச்சுன்னே எழுதிருங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மூன்று படகும் போய்விடும், பெயரும் போய்விடும் என்றேன்.

"போகட்டும் சார். காசாலதான் ஓட்டை விழுந்துச்சுன்னு தெரிஞ்சா, அந்தத் தாயி இனி எதை நம்பித் தண்ணியில எறங்கும்?"

இங்கே நான் நல்லவனாக நடந்துகொண்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், பேனாவை எடுத்து 'வெல்டிங்கில் குறை' என்று எழுதியும்விட்டேன். என் தகடு தப்பியது, அவரே கேட்கிறார், நமக்கென்ன என்று இருந்தது.

அப்போதுதான் செல்லத்தாயி வந்து சேர்ந்தார். ஒன்பது கிலோமீட்டர் நடந்த கால், முழங்கால் வரை சேறு. ஞானதாஸ் துணியை மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னால் தள்ளினார், ஆனால் அதற்குள் அந்தம்மா பார்த்துவிட்டார். என்ன எழுதுகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். முதலில் தாளை மடிக்கப் பார்த்தேன். கடைசியில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்.

ஞானதாஸ் அவசரமாகக் குறுக்கே வந்து, "உப்பு நாந்தான் போட்டேன் தாயி, காசு மேல தப்பில்ல" என்றார்.

செல்லத்தாயி ஞானதாஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "வெல்டிங்ல கொறை உண்டா?"

"ஒரு சொட்டுகூட இல்லம்மா."

"அப்பறம் எதுக்கு இந்த அண்ணன் பேர்ல எழுதுறீக? அதை அடிங்க."

அடித்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு வெட்கத்தோடு எதையும் அடித்ததில்லை.

கொண்டுவந்த துண்டுத் தகட்டை வைத்துத் தாரைத் தடவி அலுமினிய ஆணி அடித்து, ஞானதாஸ் தற்காலிகமாக ஒட்டுப் போட்டார். கீழே கொண்டுபோய் அந்தப் பகுதியை வெட்டிப் பற்றவைப்பது பிறகு. ஐந்து மணிக்குப் படகு தண்ணீரில் இறங்கியது. அதற்குள் திரும்பி வந்திருந்த சுருளிச்சாமி விஷயத்தைக் கேட்டு, ஞானதாஸிடம் இரண்டாவது டீயைத் தன் கையாலேயே கொடுத்தார். மூன்று படகுக்கும் எப்போது தகடு வரும் என்று மட்டும் கேட்டார்.

செல்லத்தாயி கரையில் குத்தவைத்துக் காசை மணலால் துலக்கிக்கொண்டிருந்தார். "இது கையில இருந்தா படகு கரையாதுல்ல?" என்றார். கரையாது என்றோம். ஏறி உட்கார்ந்தார். ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்திருந்தார், மற்றக் கையை மூடியிருந்தார். அக்கரை சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அவர் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஞானதாஸ் ஒட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் நனையவில்லை.

இனி, கேட்டவர்களுக்கு. சின்னமனூரில் காலை பத்துக்கு முன் கிளம்பிவிடுங்கள், மதியத்துக்கு மேல் மூடுபனி. ஸ்வெட்டர் அவசியம். மழை மாதங்களில் அட்டை கடிக்கும், ஒரு பொட்டலம் உப்பு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் படகில் சிந்தாதீர்கள். அலுமினியப் படகு செய்கிற யோசனை இருந்தால் தகட்டோடு வருகிற தாளில் பொடி எழுத்தைப் படியுங்கள், செய்பவருக்கும் தமிழில் படித்துச் சொல்லுங்கள். செம்பு, பித்தளை எதுவும் தகட்டைத் தொடக் கூடாது. சாமிக் காசு இல்லாமல் ஏற மாட்டேன் என்பவர்கள் வீட்டில் இருந்தால், கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.