அத்தா லாரியின் டேஷ்போர்டு

இன்று திருத்துறைப்பூண்டியில், அத்தாவின், அதாவது என் அப்பாவின், பழைய நெல் லாரிக்குப் புது ஸ்டீரியோ மாட்டப் போனேன்.

டேஷ்போர்டில் இடமில்லை, தகரத்தை வெட்டியாக வேண்டும். எலக்ட்ரீஷியன் சாக்பீஸால் கோடு போட்டு, கட்டிங் மெஷினைக் கையில் எடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து துபாயிலிருந்து என் அண்ணன் வீடியோ காலில் வந்தார். அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவேன்.

"அத்தா ஓட்டுன வண்டிடா. ஒரு கீறல் விழுந்துச்சு, அப்புறம் உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது!"

"இப்ப ஓட்டுறது நான்தானே, நானா?" நானும் கத்திவிட்டேன்.

அத்தா பக்கத்தில்தான் நின்றார். எலக்ட்ரீஷியன் எங்களைப் பார்த்துக்கொண்டே, டேஷ்போர்டில் ஒட்டியிருந்த ரெக்சினை உரித்தார்.

உள்ளே ஏற்கெனவே ஒரு சதுர ஓட்டை. உளியால் கோணலாக வெட்டியது, கேசட் பிளேயர் அளவுக்கு.

போனை அந்த ஓட்டைக்கு நேராகத் திருப்பினேன். நானா முதல் தடவை லீவில் வந்தபோது கொண்டுவந்தது கேசட் பிளேயர்தான்.

அத்தா போனைப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை நான் ஜும்மா தொழுகைக்குப் போன நேரமாப் பாத்து வெட்டுனவன் நீ. செட்டு கெட்டுப்போன பிறகு, ரெக்சின் ஒட்டி மறைச்சவன் நான்."

புது ஸ்டீரியோவுக்கு அந்த ஓட்டை அரை இஞ்ச் பத்தவில்லை. இப்போதே வெட்டுவதா, வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதா? நீங்களே சொல்லுங்கள்.