ஹாலிஸின் தோள் தாங்கிய துப்பாக்கி

ஹாலிஸ் ப்ரூவருக்கு நாற்பத்தாறு வயதில்தான் கல்யாணம் ஆனது. அதுவரை ஒஹையோவில் மூக்குக்கண்ணாடி செய்துகொண்டு தனியாக இருந்தவன், நோரீனைக் கட்டிக்கொண்டு மொன்டானாவுக்கு வந்து, டில்லன் ஊரில் சின்னதாக ஒரு கண்ணாடிக் கடை போட்டான். ஊரில் யாருடைய மூக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுகூட அவனுக்கு அத்துப்படி. வேட்டை மட்டும் தெரியாது. நோரீனோ சின்ன வயதிலிருந்தே எல்க் மான் வேட்டைக்குப் போகிறவள். இலைகள் உதிர்ந்து முடிந்ததும் அவளும் அண்ணன் டெல்மரும் மலையேறிவிடுவார்கள். ஹாலிஸ் ஃப்ரீசரில் இடம் ஒழித்து வைத்துவிட்டுக் காத்திருப்பான்.

ஒரு வசந்தத்தில், "இந்த வருஷம் நானும் வர்றேன்," என்றான்.

தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நோரீன் திரும்பிப் பார்த்தாள். "குளிர்ல மூக்கு ஒழுகும். பரவாயில்லையா?"

"நீ இல்லாத வீட்ல ஒழுகுறதுக்கு அங்க வந்தே ஒழுகட்டும்."

அவள் மறுபடி தட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று முதுகைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்தது.

எந்த ரைஃபிள் வாங்குவது என்று டெல்மரிடம் போய்க் கேட்டான். "குதிரை மாதிரி மிருகம், மச்சான். சின்னத் தோட்டாவெல்லாம் அதுக்குக் கொசுக்கடி. பெரிய தோட்டா போடுற முன்னூறு மேக்னம் துப்பாக்கியா வாங்கு," என்றான் டெல்மர். நோரீனிடம் சொல்லாமல் ஹாலிஸ் அதையே வாங்கி, ஊருக்கு வெளியே இருந்த சுடுதளத்துக்குத் தனியாகப் போனான்.

முதல் வெடியிலேயே தோளில் குதிரை உதைத்தது போலிருந்தது. அடுத்த வெடியில், குறிபார்க்க மேலே பொருத்தியிருந்த ஸ்கோப் பின்னால் வந்து புருவத்தைக் கிழித்தது. அதற்கப்புறம் விசையைத் தொடும்போதே கண் தானாக மூடிக்கொண்டது.

அன்று சாப்பாட்டு மேசையிலும் தொப்பியைக் கழற்றவில்லை.

"வீட்டுக்குள்ள எதுக்கு தொப்பி?"

"தலை குளிருது."

நோரீன் தொப்பியை எடுத்துப் பார்த்தாள். அவள் சிரிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தான். அவள் எழுந்துபோய் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து புருவத்தில் வைத்து அழுத்தினாள். வெகுநேரம் கழித்துத்தான், "ஊருக்கே கண்ணு பாக்குறவனுக்குக் கண்ணுகிட்டயே முத்திரையா!" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை அவளும் கூட வந்தாள். தோட்டாவை அவளே போட்டுக் கொடுத்தாள். ஒரு தடவை அவனுக்குத் தெரியாமல் போடாமலே கொடுத்தாள். அவன் விசையை இழுத்தான். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. ஆனாலும் உதைக்கப்போகிறது என்ற பயத்தில் அவன் தோள் குறுகி, குழல் சடக்கென்று கீழே தாழ்ந்தது.

ஹாலிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னால ஆகாது, நோரீன்."

"இந்தத் துப்பாக்கிதான் உனக்கு ஆகாது. கண்ண மூடிட்டுச் சுட்டா எங்க படும்? வயித்துல பட்டா மான் நாள் முழுக்க வலியோட ஓடும். சின்னக் குண்டா இருந்தாலும் முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சுல இறங்கினாப் போதும்."

மேக்னத்தைத் துப்பாக்கிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, உதை குறைவான முன்னூற்றெட்டு ரக ரைஃபிள் ஒன்று எடுத்துவந்தார்கள். டெல்மர் உதட்டைப் பிதுக்கினான். "அண்ணே, போன வருஷம் உன் மேக்னத்துல அடிபட்ட மானை இருட்டுற வரைக்கும் தேடி அலைஞ்சது யாரு?" என்று நோரீன் கேட்டதும் பேச்சை மாற்றினான்.

கோடை முழுக்க ஹாலிஸ் பழகினான். இருநூறு கஜத்துக்கு அப்பால் தன் குறி தவறுகிறது என்று கண்டுகொண்டான்.

வேட்டைக்குப் போன முதல் நாள் பள்ளத்தாக்குக்கு எதிர்ச்சரிவில் ஒரு மந்தை நின்றது. "சுடு மச்சான், சுடு!" என்று டெல்மர் காதில் கிசுகிசுத்தான்.

"தூரம் ஜாஸ்தி," என்று ஹாலிஸ் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டான். நோரீன் அவன் மணிக்கட்டை ஒருதரம் அழுத்தினாள்.

மறுநாள் காலை பைன் மரங்களுக்கிடையில் பனியில் படுத்திருந்தபோது, பெண் மான் ஒன்று ஓடைக்கு இறங்கி வந்து பக்கவாட்டில் நின்றது. ஹாலிஸ் மூச்சை விட்டு, விசையை மெல்ல அழுத்தினான். கண் திறந்தே இருந்தது. மான் சில எட்டுகள் பாய்ந்து சாய்ந்தது.

அருகில் போய்க் கையுறையைக் கழற்றி அதன் கழுத்தில் கை வைத்தான். இன்னும் சூடாக இருந்தது. கண்ணீர் வந்துவிட்டது. நோரீன் பக்கத்தில் முழந்தாளிட்டாள்.

"முதல் தடவை நானும் அழுதேன்."

"அப்புறம் பழகிடுச்சா?"

"எங்க பழகுச்சு? நீதான் கூட வந்து பாத்ததில்ல."

சாயங்காலத்துக்குள் மூவரும் இறைச்சியைச் சுமந்து, தாங்கள் தங்கியிருந்த கூடாரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். டெல்மர் முதுகுக் கறியை வெண்ணெயில் வதக்கி, முதல் துண்டை ஹாலிஸின் தட்டில் போட்டான்.

"தின்னு, மச்சான். ஆறிடப்போகுது."